காரீயம் ஒன்று, உருவம் பல: புரோக்கன் ஹில் மண் சொல்லும் பாடம்

ஈயம் என்றதும் மலேசியத் தமிழர்களுக்கு ஈப்போ, கம்பார், பத்து காஜா ஆகிய ஊர்கள்தாம் நினைவுக்கு வரும். கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஓய்ந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவை விட்டுச்சென்ற ஈயக்குட்டைகள் மட்டும் இன்றும் சாலையோரங்களில் கண்ணில் படுகின்றன.

தமிழில் 'ஈயம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. கிந்தாவில் தோண்டி எடுத்தது வெள்ளீயம். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான். தூண்டிலில் கட்டும் கனமான குண்டும், கார் பேட்டரிக்குள் இருக்கும் தகடும் காரீயம். வெள்ளீயம் சமையலறைக்குள் வரலாம். காரீயம் வரவே கூடாது.

வெள்ளீயத்தைத் தேடிப்போய்க் காரீயத்தைக் கண்டெடுத்த ஓர் ஊர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அதன் பெயர் புரோக்கன் ஹில். அந்த ஊர் மண்ணிலுள்ள காரீயக் கனிமங்கள் உலக அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னுகின்றன. அதே கனிமங்கள் தூசியாகப் பறந்து அந்த ஊர்க் குழந்தைகளின் இரத்தத்திலும் கலந்தன. ஒரே உலோகம் எப்படி இத்தனை உருவம் எடுக்கிறது, எந்த உருவம் உடலுக்குள் எளிதில் புகுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டுக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

வேலிக்காவலர் கண்ட கருங்குன்று

புரோக்கன் ஹில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. சிட்னியிலிருந்து 1,100 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். அடிலெய்டு நகரம் அதைவிடப் பக்கம் என்பதால், ஊர்க் கடிகாரங்கள்கூடத் தென் ஆஸ்திரேலிய நேரத்தைத்தான் காட்டுகின்றன. மழை குறைந்த செம்மண் பூமி. வில்யாகலி பழங்குடி மக்களின் தாயகம்.

1883ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். மவுண்ட் கிப்ஸ் என்ற ஆட்டுப் பண்ணையில் எல்லை வேலியைக் குதிரையில் சுற்றிப் பார்க்கும் வேலையில் இருந்தவர் சார்ல்ஸ் ரேஸ்ப். முதுகு உடைந்ததுபோல் நின்ற ஒரு குன்றின் கரும்பாறை அவர் கண்ணை உறுத்தியது. அது வெள்ளீயத் தாது என்று நினைத்து, அந்த இடத்துக்கு உரிமை கோரி முளை அடித்தார். பண்ணையைச் சேர்ந்தவர்கள் உள்பட ஏழு பேர் கூட்டுச் சேர்ந்தார்கள்.

மாதிரியைச் சோதித்தபோது வெள்ளீயம் இல்லை. காரீயமும் கொஞ்சம் வெள்ளியும்தான் இருந்தன. சிலர் மனம் தளர்ந்து பங்கை விற்றுவிட்டார்கள். மேலும் தோண்டியபோது வெள்ளி நிறைந்த தாது அகப்பட்டது. 1885இல் 'புரோக்கன் ஹில் புரொப்ரைட்டரி' நிறுவனம் பதிவானது. இன்று பிஎச்பி என்ற மூன்றெழுத்தில் உலகின் மிகப் பெரிய சுரங்க நிறுவனங்களில் ஒன்றாக இருப்பது அதுதான்.

குன்றுக்குக் கீழே இருந்தது சாதாரணக் கனிவளம் அன்று. ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாகி, ஏழெட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வளைதடியைப் போல் வளைந்து கிடந்த தாது உடல். இதுவரை 20 கோடி டன்னுக்கும் மேற்பட்ட தாது அதிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. காரீயம், துத்தநாகம், வெள்ளி மூன்றும் சேர்ந்த இருப்புகளில் உலக அளவில் முன்வரிசையில் வைக்கப்படும் ஒன்று இது.

தாதுவும் துருப்பிடிக்கும்

நிலத்தின் ஆழத்தில் காரீயம் பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்து கலீனா என்ற கனிமமாக இருக்கும். ஈயச் சாம்பல் நிறம், கண்ணாடிபோல் பளபளக்கும் பரப்பு, உடைத்தால் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள். இதுதான் முதல்நிலைக் கனிமம்.

கலீனா ஆழத்தில் இருக்கும்வரை மாறாது. மேலே உள்ள பாறை தேய்ந்து, காற்றும் மழைநீரும் எட்டத் தொடங்கியதும் கதை மாறுகிறது. வெளியில் கிடக்கும் இரும்பு துருப்பிடிப்பதைப் போலத் தாதுவும் மெல்ல மெல்லச் சிதைகிறது. நீரில் கரைந்த உயிர்வளி கலீனாவிலுள்ள கந்தகத்தைத் தாக்கிச் சல்பேட்டாக மாற்றுகிறது. அப்போது பிறப்பது ஆங்கிலசைட். அதன்மேல் கரிவளி கலந்த நீர் பட்டால் சல்பேட் நீங்கிக் கார்பனேட் உட்காருகிறது. அது செருசைட். பாஸ்பேட்டும் குளோரினும் கிடைத்தால் பைரோமார்பைட். பாஸ்பேட்டுக்குப் பதில் ஆர்செனிக் கிடைத்தால் மிமிடைட். இப்படி ஒன்று சிதைந்து அதிலிருந்து இன்னொன்று பிறப்பதால், இவற்றை இரண்டாம் நிலைக் கனிமங்கள் என்கிறார்கள்.

இங்கே நம் கிந்தாவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெள்ளீயத்தின் தாதுவான காசிட்டரைட், பிறக்கும்போதே உயிர்வளியோடு சேர்ந்தது. காற்றும் மழையும் அதை அசைப்பதில்லை. சுற்றியுள்ள பாறை கரைந்து போனாலும் அது கனமான கருமணலாகத் தப்பி நிற்கும். அதனால்தான் டூலாங் தட்டில் ஆற்று மணலை அலசியே வெள்ளீயத்தைப் பிரித்தெடுக்க முடிந்தது. காரீயத் தாது அப்படிப்பட்டதன்று. அது இடம் மாறுவதற்கு முன்பே குணம் மாறிவிடும்.

புரோக்கன் ஹில்லில் இந்தச் சிதைவு சில இடங்களில் 100 மீட்டர் ஆழம்வரை இறங்கியிருந்தது. துத்தநாகம் நீரில் எளிதாகக் கரைந்து வெளியேறிவிட்டது. காரீயமோ சல்பேட்டாகவும் கார்பனேட்டாகவும் ஆனபின் நீரில் அதிகம் கரையாது. ஆகவே மேலடுக்கிலேயே தங்கிவிட்டது. உச்சியில் இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த கரும்பாறை உருவானது. ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்கள் இத்தகைய பாறையை 'இரும்புத் தொப்பி' என்பார்கள். ரேஸ்ப்பின் கண்ணில் பட்டது அந்தத் தொப்பிதான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குடும்பம்

புரோக்கன் ஹில்லில் அடையாளம் காணப்பட்ட கனிம வகைகள் ஏறத்தாழ 300. காரீயக் குடும்பத்தின் முக்கியமான உறுப்பினர்களை மட்டும் இங்கே பார்ப்போம்.

செருசைட்: நிறமற்றது அல்லது வெண்மையானது. ஒன்றோடொன்று குறுக்காகப் பின்னி, வலைபோலவும் நட்சத்திரம்போலவும் வளரும். ஒளியை வண்ணங்களாகப் பிரிப்பதில் வைரத்தையே மிஞ்சும். ஆனால் நகத்தைவிடக் கொஞ்சம்தான் கடினம் என்பதால் நகைக்கு உதவாது. எடையில் முக்கால் பங்குக்கு மேல், அதாவது 77 விழுக்காடு, காரீயம்.

ஆங்கிலசைட்: வேல்ஸ் நாட்டின் ஆங்கிலசி தீவில் கிடைத்ததால் வந்த பெயர். தெளிந்த படிகமாகவும் இருக்கும். கலீனாவைச் சுற்றி மங்கலான தோல்போலவும் படியும்.

பைரோமார்பைட்: பச்சை, மஞ்சள், பழுப்பு நிறங்களில் பீப்பாய் வடிவச் சிறு படிகங்கள். 'நெருப்பில் உருவெடுப்பது' என்ற பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர். உருக்கி ஆறவிட்டால் மீண்டும் படிக முகங்களோடு இறுகும்.

மிமிடைட்: 'போலி செய்வது' என்று பொருள். பைரோமார்பைட்டைப் போலவே தோற்றமளித்து ஆளை ஏமாற்றும். உள்ளே இருப்பது காரீயத்தோடு ஆர்செனிக்.

கொரோனாடைட்: மாங்கனீசுக்குள் காரீயம் அடைபட்ட கருங்கனிமம். அழகு எதுவும் இல்லை. புரோக்கன் ஹில்லின் கரும்பாறையில் காரீயத்தைப் பிடித்து வைத்திருப்பவற்றுள் இதற்கு முக்கிய இடம் உண்டு.

இவை தவிர, உலகுக்கு முதன்முதலில் இந்த ஊரிலிருந்தே அறிமுகமான காரீயக் கனிமங்களும் உள்ளன. காரீயமும் டங்ஸ்டனும் சேர்ந்த ரேஸ்பைட் 1897இல் விவரிக்கப்பட்டது. வேலிக்காவலர் ரேஸ்ப்பின் பெயர் அப்படிக் கல்லிலேயே நிலைத்துவிட்டது. செக்னிடைட், கிண்டோரைட் ஆகிய இரண்டும் 1990களில் பட்டியலில் சேர்ந்தவை. கிண்டோரைட் என்பது அங்குள்ள கிண்டோர் திறந்தவெளிச் சுரங்கத்தின் பெயரால் வந்தது.

எளிதாக உருகியது, எளிதாகப் பறந்தது

முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சுரங்கக்காரர்கள் எடுத்தது பெரும்பாலும் இந்த மேலடுக்குத் தாதுவைத்தான். அதற்குக் காரணம் எளிமை. கலீனாவை உருக்குவதற்கு முன் அதிலுள்ள கந்தகத்தை எரித்துப் போக்க வேண்டும். செருசைட்டுக்கு அந்த வேலை இல்லை. உலையில் கல்கரியோடு போட்டால் காரீயம் கீழே வடிந்துவிடும். அதனுடன் வெள்ளியும் வரும்.

மேலடுக்குத் தீர்ந்ததும் சிக்கல் வந்தது. ஆழத்தில் கலீனாவும் துத்தநாகத் தாதுவும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன. துத்தநாகம் நிறைந்த கழிவு மலைபோல் குவிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கேதான் நுரை மிதப்பு முறை தொழில் அளவில் வளர்ந்தது. பொடித்த தாதுவை நீரில் கலக்கி, குமிழிகளை எழுப்பி, வேண்டிய கனிமத்தை மட்டும் நுரையோடு மேலே வரச் செய்யும் முறை அது. இன்று உலகில் செம்பு, காரீயம், துத்தநாகம் எடுக்கும் பெரும்பாலான ஆலைகளில் இதன் வழிவந்த முறைதான் நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் அந்த முதல் ஆண்டுகளின் எளிமைக்குத் தொழிலாளர்கள் கொடுத்த விலை பெரிது. மேலடுக்குத் தாது பொடிப்பொடியாக உதிரும். தோண்டும்போதும் அள்ளும்போதும் தூசி எழும்பும். ஊர் நடுவிலேயே உருக்கு உலைகள் புகை கக்கின. வயிற்றை முறுக்கும் வலி, மலச்சிக்கல், இரத்தச்சோகை, மணிக்கட்டு தளர்ந்து கை தொங்கிப்போதல் ஆகியவை காரீய நஞ்சின் பழைய அடையாளங்கள். 1890களின் தொடக்கத்தில் இந்த நோய் கவலைக்குரிய அளவுக்குப் பரவியதால், நியூ சவுத் வேல்ஸ் அரசு தனி விசாரணைக் குழு அமைத்து ஆராய வேண்டியதாயிற்று. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் உருக்கு வேலை தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரீ துறைமுகத்துக்கு மாறியது.

உலைக்கு விறகாகவும் சுரங்கத்துக்கு முட்டுக்கட்டையாகவும் சுற்றுவட்டார மரங்கள் வெட்டப்பட்டன. ஆடுகளும் முயல்களும் மிச்சத்தைத் தின்றன. வெறுமையான நிலத்திலிருந்து மணற்புயல் ஊருக்குள் புகுந்தது. சுரங்க நிறுவனத்தில் உலோகச் சோதனை வேலை பார்த்துக்கொண்டே தாவரங்களைப் படித்தவர் ஆல்பர்ட் மோரிஸ். 1936 முதல் அவர் வழிகாட்டலில் ஊரைச் சுற்றி வேலி போட்டு ஆடு, முயல் புகாமல் தடுத்தார்கள். உள்ளூர்ச் செடிகள் தாமாக முளைத்து மணலைப் பிடித்து நிறுத்தின. அந்தப் பசுமை வளையம் இன்றும் இருக்கிறது.

சுரங்கத் தொழிலாளர்களும் சும்மா இருக்கவில்லை. 1919இல் தொடங்கிய வேலைநிறுத்தம் 18 மாதம் நீடித்தது. அதன் முடிவில் நிலத்தடித் தொழிலாளர்களுக்கு வாரம் 35 மணிநேர வேலை கிடைத்தது. ஊரின் நடுவில் நிற்கும் பழைய கழிவுமேட்டின்மேல், சுரங்கத்தில் உயிரிழந்த 800க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய நினைவிடம் இருக்கிறது. இளம் வயதிலேயே இறந்தவர்கள் அதில் பலர். காரீய நஞ்சு என்ற சொல்லும் இறப்புக் காரணங்களுள் ஒன்றாக அங்கே இடம்பெற்றிருக்கிறது.

குழந்தைகளின் இரத்தத்தில்

தொழிலாளருக்கு நேர்ந்த கேடு 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்தது. குழந்தைகளுக்கு நேர்ந்த கேடு தெளிவாகத் தெரிய நூறாண்டு ஆனது. 1991இல் ஊர்க் குழந்தைகளின் இரத்தம் பரவலாகச் சோதிக்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் பெரும்பாலோரிடம், 1 டெசிலிட்டர் இரத்தத்துக்கு 10 மைக்ரோகிராம் என்பதைவிடக் கூடுதலாகக் காரீயம் இருந்தது. அவர்கள் யாரும் சுரங்கத்துக்குள் போனவர்கள் அல்லர்; வீட்டு முற்றத்தில் விளையாடியவர்கள்.

தவழும் குழந்தை கையைத் தரையில் ஊன்றும். அதே கையை வாயில் வைக்கும். அதுதான் வழி. பெரியவர் விழுங்கும் காரீயத்தில் சிறு பங்கையே உடல் ஏற்கும். குழந்தையின் உடல் அதைப்போல் நான்கு ஐந்து மடங்கு ஏற்கும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காரீயம் சுண்ணாம்புச் சத்தைப் போல நடித்து எலும்பில் குடியேறும். அங்கே பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து வெளியேறிக் கருவையும் அடையும். வளரும் மூளையில் அது செய்யும் சேதம் வெளியே தெரியாது. பாடத்தில் பின்தங்குதல், கவனம் சிதறுதல், எரிச்சல் என்று வேறு முகம் காட்டும். வீட்டில் அதைப் பிள்ளையின் குறும்பு என்றோ மந்தம் என்றோ சொல்லிக் கடந்துவிடுவார்கள்.

கனிமம் எது என்ற கேள்வி இங்கேதான் உயிர்க் கேள்வியாகிறது. விழுங்கிய தூசி வயிற்று அமிலத்தைச் சந்திக்கிறது. செருசைட் கார்பனேட் ஆதலால், சுண்ணாம்புக்கல்மேல் எலுமிச்சைச் சாறு பட்டதுபோல் அமிலத்தில் எளிதாகக் கரைந்து காரீயத்தை விட்டுவிடும். கலீனா அவ்வளவு வேகமாகக் கரையாது. பைரோமார்பைட் இவை எல்லாவற்றையும்விட மிக மெதுவாகவே காரீயத்தை விடும். ஒரு கிலோ மண்ணில் காரீயம் இவ்வளவு என்ற எண் மட்டும் ஆபத்தை முழுமையாகச் சொல்லாது. அது எந்தக் கனிமத்துக்குள் இருக்கிறது, தூளின் அளவு என்ன என்பதும் தெரிந்தாக வேண்டும்.

தூசி எங்கிருந்து வந்தது என்பதும் விவாதமானது. இயற்கையாகவே தாது வெளித்தெரிந்த ஊர் அது. ஆகவே சுரங்கத்தைக் குறை சொல்லலாமா என்று கேட்டவர்கள் உண்டு. பழைய வீட்டுச் சாயமும் வாகனப் பெட்ரோலும் காரணமாக இருக்கலாம் என்ற வாதமும் எழுந்தது. காரீயத்தில் பல எடையுள்ள அணுக்கள் கலந்திருக்கும். அவற்றின் விகிதம் ஒவ்வொரு தாது இருப்புக்கும் வெவ்வேறாக இருக்கும் என்பதால், அது கைரேகைபோல் உதவும். குழந்தைகளின் இரத்தத்தை இவ்வாறு சோதித்த ஆய்வுகள், பலரிடம் இருந்தது அந்த ஊர்த் தாதுவின் காரீயமே என்று காட்டின. வேறு இடங்களிலிருந்து வந்த காரீயமும் சிலரிடம் கலந்திருந்தது.

அதன்பின் நிலைமை மேம்பட்டது. பூங்காக்களின் மண் மூடப்பட்டது. வீடுகளின் கூரைக்குள் தேங்கிய தூசி அகற்றப்பட்டது. பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே சோதனை தொடங்குகிறது. கூரையில் விழும் மழைநீரைப் பிடித்துக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறது. 2015இல் மாநில அரசு புதிய காரீயத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியா எச்சரிக்கை அளவை 10இலிருந்து 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அந்த அளவுகோலில் பார்த்தால் இன்னும் பல குழந்தைகள் கோட்டைத் தாண்டியே நிற்கிறார்கள். பழங்குடிக் குழந்தைகளின் சராசரி மற்றவர்களைவிடக் கூடுதல். பழைய வீடு, பழுது பார்க்க வசதியின்மை, தூசி நிறைந்த பகுதியில் வாழ்க்கை எனக் காரணங்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. உலோகம் ஒன்றாக இருந்தாலும் ஏழையின் வீட்டில்தான் அது அதிகம் படிகிறது.

நஞ்சைக் கட்டிப்போடும் கல்

பைரோமார்பைட் எளிதில் கரையாது என்று பார்த்தோம். அப்படியானால் மண்ணிலுள்ள காரீயத்தையே பைரோமார்பைட்டாக மாற்றிவிட்டால் என்ன? இந்த யோசனையை அறிவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஓக்லண்ட் நகரின் சவுத் பிரெஸ்காட் குடியிருப்பில் பழைய சாயமும் தொழிற்சாலைத் தூசியும் முற்றங்களில் காரீயத்தைச் சேர்த்திருந்தன. மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றுவதற்குப் பதிலாக, 2011இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் மீன் எலும்புத் தூளை மண்ணோடு கலந்தது. எலும்பில் இருப்பது பாஸ்பேட். அது மண்ணிலுள்ள காரீயத்தைப் பிடித்து, நாளடைவில் பைரோமார்பைட்டாக இறுகச் செய்யும். மேலே நல்ல மண் போட்டுப் புல் வளர்த்தார்கள்.

இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் மருந்தன்று. மண்ணின் புளிப்புத்தன்மை, ஈரம், ஏற்கெனவே இருக்கும் கனிமம் ஆகியவற்றைப் பொறுத்தே பலன் அமையும். மண்ணில் ஆர்செனிக் இருந்தால் பாஸ்பேட் அதை விரட்டி நீரில் கலக்கவிடும் அபாயமும் உண்டு. காரீயம் மறைந்து போவதில்லை, கட்டிப்போடப்படுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் பழைய சுரங்க மேடுகளில் தானாக விளைந்த ஒரு பச்சைக் கல், குழந்தைகள் விளையாடும் முற்றத்தைக் காக்கும் வழியைக் காட்டியிருக்கிறது.

நம் வீட்டுப் பெயர்களில்

இரண்டாம் நிலைக் காரீயக் கனிமங்கள் எங்கோ பாலைவனத்தில் இருப்பவை என்று நினைக்க வேண்டாம். அவற்றுக்குத் தமிழிலேயே பெயர்கள் உண்டு. நாட்டு மருந்துக் கடைகளில் கேள்விப்படும் மிருதார்சிங்கி, காரீயமும் உயிர்வளியும் சேர்ந்த பொருள். ஈயச் செந்தூரம் என்பதும் அதே சேர்மானத்தின் சிவந்த வடிவம். இவை இரண்டும் இயற்கையில் கனிமங்களாகவும் கிடைப்பவை. பாரம்பரிய முறையில் குங்குமம் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொண்டு செய்யப்படுவது. ஆனால் வகிட்டில் வைக்கும் சிந்தூர்ப் பொடிகள் சிலவற்றில் காரீயம் இருப்பது கண்டறியப்பட்டு, அமெரிக்காவில் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருக்கிறது.

டாஸ்மேனியாவின் பழைய சுரங்கப் பகுதியான டண்டாஸில், குரோக்காய்ட் என்ற செம்மஞ்சள் ஊசிப் படிகங்கள் கிடைக்கின்றன. அந்த மாநிலத்தின் அடையாளக் கனிமம் அதுதான். வேதியியலில் அது காரீயக் குரோமேட். அதே பொருளை ஆலையில் செய்தால் பளிச்சென்ற மஞ்சள் சாயம். வங்காளதேசத்தில் மஞ்சள் கிழங்குக்கு நிறமேற்ற இந்தச் சாயத்தைப் பூசியது 2019இல் ஆய்வாளர்களால் அம்பலமானது. அரசு சந்தைகளில் சோதனை நடத்தி, தவறு செய்தவர்களைத் தண்டித்தது. இரண்டே ஆண்டுகளில் சந்தை மாதிரிகளில் கலப்படம் காணாமல் போனது. கண்காணித்தால் முடியும் என்பதற்கு இது சான்று.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை சில. அளவுக்கு மீறிய பளபளப்புள்ள மஞ்சள்தூளையும், பொருள்விவரம் இல்லாத சிந்தூர்ப் பொடியையும் தவிர்க்கலாம். பெயர் தெரியாத பஸ்பம், செந்தூரம் ஆகியவற்றைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. பழைய வீட்டின் உரிந்த சாயத்தை உலர்வாகச் சுரண்டக் கூடாது. பேட்டரிக் கடை, ரேடியேட்டர் பற்றவைப்பு, பழைய இரும்புக் கடை ஆகிய இடங்களில் வேலை பார்ப்பவர்கள், வேலை உடையைக் கழற்றிக் கைகால் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். வேலை உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள உணவு, காரீயம் உடலில் ஏறுவதைக் குறைக்கும். கீரையும் நெத்திலியும் பாலும் அதற்குப் போதும். ஐயம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டு இரத்தச் சோதனை செய்துகொள்ளலாம். அறிகுறி தோன்றும்வரை காத்திருப்பதில் பயனில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பாதுகாப்பான அளவு என்று காரீயத்துக்கு எதுவும் இல்லை.

கனிமக் கற்கள் சேகரிக்கும் மாணவர்கள் பயப்படத் தேவையில்லை. காரீயக் கனிமத்தைத் தொட்டால் கையைக் கழுவ வேண்டும். அதை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது. மூடிய பெட்டியில், தம்பி தங்கைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

புரோக்கன் ஹில்லில் இன்றும் சுரங்க வேலை நடக்கிறது. ஊரின் பல குடும்பங்களுக்கு அதுவே சோறு. அங்குள்ள தாய்மார்கள் ஊரை விட்டுப் போவதைப் பற்றிப் பேசுவதைவிட, தரையைத் துடைப்பதையும் பிள்ளையின் கையைக் கழுவுவதையும் தவறாமல் சோதனைக்குக் கூட்டிச் செல்வதையும் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. தாய்மார்களின் கவனம் மட்டுமே தூசியை நிறுத்திவிடாது. மண்ணை மூடுவதும், மேடுகளை அடக்குவதும், வீடுகளைப் பழுது பார்ப்பதும் நிறுவனங்களும் அரசும் செய்ய வேண்டிய வேலை. நூறாண்டுக்கு முன் எளிதாக உருகியது என்பதற்காக அள்ளப்பட்ட தாதுவின் கணக்கு அந்த ஊரில் இன்னும் முடியவில்லை.